கேட்காமல் திறக்கும் கதவு

எமது பகுதியில் வீடு கட்டியவர்கள் எவரிடமாவது கேட்டுப் பாருங்கள். வீடு முடிந்துவிட்டதா என்றால், "குடிவந்துட்டம்" என்பார்களே தவிர, முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டில் மதில் பாக்கி. இன்னொரு வீட்டில் பூச்சுப் பாக்கி. எங்கள் வீட்டில் நெடுங்காலம் பாக்கியாகக் கிடந்தது ஓர் அலுமாரியின் கதவு.

எங்கள் ஊர் மருதமுனை. நெசவுக்குப் பெயர் போன ஊர். என் மூத்தம்மாவும் தறியில் இருந்தவர்தான். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது அவருக்குச் சீதனமாகக் கிடைத்த வீடும் போனது, தறியும் போனது. கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அப்போது அறிவித்திருந்தார்கள். அதனால் ஊரின் உட்பக்கமாக ஒரு துண்டுக் காணி எடுத்து, கிடைத்த உதவியோடு கையிலிருந்ததையும் சேர்த்து இப்போதைய வீட்டைக் கட்டினார்கள். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்திய கதை.

பின்னறைச் சுவரில் அலுமாரிக்கென்று மேசன் ஓர் இடம் விட்டிருந்தார். நான்கு அடி அகலம், ஆறடி எட்டு அங்குல உயரம், உள்ளே சீமெந்துத் தட்டுகள். கதவு போடும் அளவுக்குக் காசு வந்து சேரவில்லை. கம்பியில் ஒரு திரையைக் கோத்துத் தொங்கவிட்டார்கள். "பெருநாளைக்குப் புறகு போடுவம்" என்று சொன்ன கதவு எத்தனையோ பெருநாள்களைக் கண்டும் வரவில்லை. திரை மட்டும் இரண்டு மூன்று தடவை மாறியது.

சென்ற வருடம் ஷஃபான் மாதத்தில் மூத்தம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சுக் குழறியது. வைத்தியசாலையில் இருந்து வந்த பின் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. காலும் ஓரளவு நடக்கும் அளவுக்கு வந்தது. கை மட்டும் வரவில்லை. இடது கையில் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். அவரை என்னுடைய அறைக்கு, அதாவது அந்தப் பின்னறைக்குக் கொண்டுவந்தோம். அலுமாரியின் ஒரு பக்கம் அவருக்கு, மறுபக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

அதன் பிறகுதான் திரையின் குறை தெரியத் தொடங்கியது. திரையை விலக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். உடுப்பை எடுக்க இன்னொரு கை வேண்டும். மூத்தம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு கை. திரையை ஒதுக்கிக் கட்டிவிடலாம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் கட்டிப் பார்த்தோம். மூத்தம்மா இருக்கவிடவில்லை. பின்னறையைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போக வேண்டும். வாப்பா அந்த வழியால் போய்வருவார். மருமகனின் கண்ணில் தன்னுடைய உடுப்புகள் படுவதை மூத்தம்மா விரும்பவில்லை. எங்கள் பகுதியில் மாமிக்கும் மருமகனுக்கும் இடையிலுள்ள மரியாதை எப்படிப்பட்டது என்று வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே வீட்டில் இருபத்தைந்து வருடம் இருந்தும் அவர்கள் இருவரும் முகம் பார்த்து நீளமாகப் பேசியதை நான் கண்டதில்லை.

ஆகவே உம்மாதான் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். காலையில் எது உடுப்பது, தொழுகைக்கு எந்த முக்காடு, கிளினிக்குக்குப் போக எந்தச் சேலை எல்லாவற்றையும் உம்மா எடுப்பார், உம்மா உடுத்துவார். உம்மாவின் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூத்தம்மா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தார். சுபஹுக்கு எழும்பிவிடுவார், உம்மா எழும்பும்வரை படுக்கையிலேயே பேசாமல் இருப்பார். "ஏன் கூப்பிடல்ல?" என்று உம்மா கேட்டால், "நீ அலுத்துப் படுத்திருக்கிறாய் மகள்" என்பார். அதே அறையில் படுத்திருந்த என்னையும் அவர் எழுப்பியதில்லை.

கிளினிக்கில் பிசியோதெரபி மிஸ் ஒருவர் மூத்தம்மாவுக்கு உடுப்புப் போடும் முறையைக் காட்டித் தந்தார். போடும்போது ஏலாத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். கதிரையில் இருந்துகொண்டு செய்தால் விழமாட்டார். "எவ்வளவு நேரம் போனாலும் பரவாயில்ல, அவங்களையே செய்ய விடுங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவில் உம்மா அழுதார். "நான் செய்யுறது காணாதா?" என்று கேட்டார்.

மூத்தம்மா உம்மாவின் தோளில் இடது கையை வைத்து, "நீ செய்யுறது கூடிப் போச்சு மகள்" என்றார்.

அன்று இரவு கதவுப் பேச்சு வந்தது. "எனக்கெதுக்கு இப்ப கதவு? இன்னும் எத்தன நாளைக்கு?" என்றார் மூத்தம்மா. வாப்பா முன்னறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அளவெடுக்கும் டேப்போடு பின்னறைக்கு வந்தார்.

வாப்பா தையல்காரர். கழுத்தில் எந்நேரமும் துணி டேப் தொங்கும். பாண்டிருப்பிலிருந்து ஓடாவி ஐயா வந்ததும் முதலில் செய்த வேலை அந்த டேப்பை வாங்கி ஒரு பக்கம் வைத்ததுதான். "இது இழுபடும் தம்பி. துணிக்குச் சரி. மரத்துக்கு இரும்பு டேப்தான்" என்றார். வாப்பா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

எந்த வகைக் கதவு என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் மூன்றடி இடம் இருந்தது. வழக்கமான இரட்டைக் கதவு போட்டால் ஒவ்வொன்றும் இரண்டடி வெளியே வரும். கதிரையில் இருப்பவரின் முழங்காலில் இடிக்கும். நின்று திறந்தாலும் பின்னால் ஓர் எட்டு வைக்க வேண்டும். ஊன்றுகோலோடு நடப்பவருக்குப் பின்னால் எட்டு வைப்பதைவிட ஆபத்து வேறில்லை. பக்கவாட்டில் நழுவும் கதவென்றால் எப்போதும் பாதி அலுமாரி மூடியே இருக்கும். நிலத்தில் போடும் தண்டவாளமும் காலைத் தடக்கும். இறுதியில் ஓடாவி ஐயா சொன்னதுதான் மடிப்புக் கதவு.

மடிப்புக் கதவு என்பது நான்கு ஒடுங்கிய பலகைகள். இரண்டிரண்டாகப் பிணைச்சலால் இணைந்திருக்கும். இழுத்தால் நடுவில் மடிந்து, புத்தகம் மூடுவதுபோல் ஒன்றோடொன்று சேர்ந்து இரு ஓரங்களிலும் ஒதுங்கி நிற்கும். வெளியே வருவது ஓரடி மட்டுந்தான், அதுவும் ஓரத்தில். நடுவில் கதிரையில் இருப்பவருக்கு ஒன்றும் இடிக்காது. நிலத்தில் தண்டவாளம் இல்லை. இரண்டு மூலையிலும் சிறிய இரும்புத் தாங்கி மட்டும் இருக்கும். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒரு கையால் திறந்து, அதே கையால் உடுப்பை எடுக்கலாம். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அளவெடுக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். அகலத்தை மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். மேலே 48 அங்குலம், நடுவில் 48, கீழே 47¾. இடப்பக்கச் சுவர் அடியில் கால் அங்குலம் உள்ளே தள்ளியிருந்தது. "ஆகக் குறைஞ்ச அளவைத்தான் எடுக்கணும் மகள். மேலே கூடினா மறைக்கலாம். கீழே குறைஞ்சா கதவே போகாது" என்றார் ஐயா.

பிறகு இடைவெளிக் கணக்கு. இரு ஓரத்திலும் கால் அங்குலம் விட வேண்டும். இரண்டு சோடியும் சந்திக்கும் நடுவில் கால் அங்குலம். மடியும் இரண்டு இடங்களிலும் அரைக்கால் அங்குலம். மொத்தம் ஓர் அங்குலம். 47¾ இல் ஒன்றைக் கழித்தால் 46¾. நான்கால் வகுத்தால் ஒரு பலகை 11 அங்குலமும், ஓர் அங்குலத்தின் பதினாறில் 11 பங்கும். பின்னக் கணக்குக்கு வீட்டில் என்ன வேலை என்று எட்டாம் வகுப்பில் கேட்டவள் என் தோழி ஒருத்தி. அவளுக்கு இந்தக் கொப்பியைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உயரத்தில் மேலே தண்டவாளத்துக்கும் கீழே தாங்கிக்குமாக ஒன்றரை அங்குலம் விட்டோம். "தையலுக்குத் துணி விடுற மாதிரிதான். இறுக்கமா வெட்டினா மூச்செடுக்க ஏலாது" என்றார் வாப்பா. மழைக்காலத்தில் மரம் ஊதும் என்பதால் அந்த இடைவெளி கட்டாயம் தேவை.

தேக்கும் முதிரையும் எங்களுக்கு எட்டாத விலை. 2022 ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் எல்லாப் பொருளும் ஏறிய விலையிலிருந்து முழுதாக இறங்கவில்லை. தவிர, தொங்கும் கதவுக்குப் பாரமான மரம் தேவையுமில்லை. சீலிங்குக்குப் பாவிக்கும் லுனுமிதெல்ல, அதாவது மலைவேம்பு, பாரம் குறைந்தது. அதில் சட்டம் செய்து, நடுவில் சாய்ந்த பட்டிகளை இறக்கினார் ஐயா. கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் அடைத்த அலுமாரிக்குள் உடுப்பில் பூஞ்சணம் பிடிக்கும். பட்டி வைத்த கதவில் காற்று போய்வரும். பட்டிகளின் வெளி ஓரம் தாழ்ந்திருப்பதால், நின்று பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. இதை ஐயா சொன்னபோது மூத்தம்மா கட்டிலிலிருந்து தலையை அசைத்தார். பிணைச்சல்கள் பித்தளையில் எடுத்தோம். உப்புக் காற்றில் இரும்பு நிலைக்காது. உருளையும் தண்டவாளமும் தேடிக் கல்முனையில் மூன்று கடை ஏறி இறங்கினோம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது கதவு வந்தது. பொருத்தும் வேலையில் நான் வாப்பாவுக்கும் ஐயாவுக்கும் கையாள்.

முதலில் மேலே தண்டவாளத்தைத் திருகாணியால் இறுக்கினோம். அதன் இரு முனையிலும் கதவின் மேல் முளை இருக்கும் துவாரம் உண்டு. அந்தத் துவாரத்திலிருந்து ஐயா தூக்குக்குண்டை இறக்கினார். குண்டு ஆடி ஓயும்வரை மூவரும் பேசாமல் நின்றோம். அது நின்ற இடத்தில் நான் பென்சிலால் குறித்தேன். கீழ்த் தாங்கியை அந்தக் குறியில்தான் பூட்ட வேண்டும். பார்ப்பவர்களுக்குக் கதவு மேலே தொங்குவதுபோல் தெரியும். உண்மையில் அதன் பாரம் முழுவதும் கீழ்த் தாங்கியில்தான் நிற்கிறது. மேல் தண்டவாளம் வழிகாட்டுவது மட்டுந்தான். மேல் முளையும் கீழ் முளையும் ஒரே தூக்கில் இல்லாவிட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அல்லது பாதியில் நிற்கும்.

சுவர் சரிந்திருந்ததால், தூக்கின்படி பூட்டினால் இடப்பக்கம் மேலே அரை அங்குலம், கீழே கால் அங்குலம் என்று இடைவெளி மாறி வரும். "சுவரோட போனா என்னய்யா?" என்று வாப்பா கேட்டார். "சுவர் பொய் சொல்லும் தம்பி, குண்டு பொய் சொல்லாது" என்றார் ஐயா.

பிணைச்சலால் இணைத்த சோடியைத் தூக்கி, அடி முளையைத் தாங்கிக்குள் இறக்கினோம். மேல் முளை சுருள்வில்லில் அமுங்கும். அதை விரலால் அமுக்கித் துவாரத்துக்கு நேரே விட்டதும் "டக்" என்று ஏறிக்கொண்டது. மறு ஓரத்திலுள்ள உருளையையும் அவ்வாறே அமுக்கித் தண்டவாளத்துக்குள் விட்டோம். இரண்டாவது சோடியும் ஏறியது. மூடிப் பார்த்தபோது நடுவில் ஒரு சோடி சற்றுத் தாழ்ந்திருந்தது.

"வலப்பக்கம் இறங்கி இரிக்கு."

சொன்னவர் மூத்தம்மா. கட்டிலில் சாய்ந்தபடி, எட்டடி தூரத்திலிருந்து. ஐயா மட்டம் வைத்துப் பார்த்தார். அரைக்கால் அங்குலம். "எப்படியம்மா கண்டீங்க?" என்று வியப்போடு கேட்டார்.

"நாப்பது வருசம் பாவு நூலைப் பார்த்த கண்" என்றார் மூத்தம்மா. நோய் வந்த பிறகு அந்தக் குரலை நான் அன்றுதான் கேட்டேன்.

அடி முளையிலுள்ள நட்டைத் திருகினால் கதவு உயரும், தாழும். மேல் தாங்கியின் திருகாணியைத் தளர்த்தினால் பக்கவாட்டில் நகர்த்தலாம். அதன் பிறகு ஐயா ஒவ்வொரு திருகலுக்கும் கட்டில் பக்கம் திரும்பி, "இப்ப சரியா அம்மா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம்", "காணும்", "இனி நடுவைப் பாருங்க" என்று மூத்தம்மா வேலை வாங்கினார். இடப்பக்கம் மேலே இருந்த கூடுதல் இடைவெளியையும் அவர் விடவில்லை. அதை மறைக்க ஒரு மெல்லிய பட்டி அடித்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

கடைசியாகக் கைப்பிடி. உருண்டைக் குமிழைப் பலமில்லாத விரல்களால் பற்றித் திருப்புவது சிரமம். அதனால் நான்கு விரலும் உள்ளே போகும் வளைந்த கைப்பிடி வாங்கியிருந்தோம். மடியும் இடத்துக்குக் கிட்டப் பூட்டினால்தான் இலேசாக மடியும். உயரத்தை வழக்கப்படி மூன்றடியில் வைக்கவில்லை. வாப்பா அறையைவிட்டு வெளியே போய் நின்றார். நான் மூத்தம்மாவைக் கதிரையில் இருத்தி, இடது கையை நீட்டச் சொன்னேன். கை எங்கே இயல்பாகப் போய்த் தொட்டதோ, அங்கே குறித்தேன். 32 அங்குலம். தண்டவாளத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டார் ஐயா. எண்ணெய் போட்டால் தூசு பிடிக்கும் என்றார். மடியும் இடத்தில் விரலை வைக்கக் கூடாது என்று தம்பிக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்தோம்.

உள்ளேயும் கொஞ்சம் மாற்றினோம். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் மூத்தம்மாவின் உடுப்புகளை அடுக்கினோம். இடப்பக்கச் சோடி அவருடையது. இடது கையால் இழுத்தால் அவரைவிட்டு விலகி ஓரத்துக்குப் போகும். ஆக மேல் தட்டும் ஆக அடித் தட்டும் என்னுடையவை.

மறுநாள் சுபஹுக்கு முன் நான் விழித்தபோது அறையில் சிறிய சத்தம் கேட்டது. மெழுகு தேய்த்த உருளையின் சத்தம். மூத்தம்மா கதிரையில் இருந்தார். ஊன்றுகோல் பக்கத்தில் தானாக நின்றது. அலுமாரி திறந்திருந்தது. நான் எழும்பவில்லை, தூங்குவதுபோல் கிடந்தேன். ஏலாத கையை மடியில் வைத்து, சட்டையின் கையை அதில் மெல்ல மெல்ல ஏற்றினார். நின்றார். மூச்செடுத்தார். மீண்டும் ஏற்றினார். உம்மா செய்தால் இரண்டு நிமிடம். மூத்தம்மாவுக்குக் கால் மணித்தியாலத்துக்கு மேல் போனது. பாங்கு சொல்லி முடிந்தபோது முக்காட்டைப் போட்டுவிட்டு, கதவைத் தள்ளி மூடினார். கதிரையில் இருந்தபடியே தொழத் தொடங்கினார். எழும்பி வந்த உம்மா வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

பெருநாள் காலையில் எந்தச் சேலை என்று உம்மா கேட்கவில்லை. மூத்தம்மாவே தேர்ந்தெடுத்து மடியில் வைத்திருந்தார். கடல் வந்த நாளில் உறவினர் வீட்டில் இருந்ததால் தப்பிய, அவர் கையால் நெய்த பச்சைச் சேலை. சேலையை ஒரு கையால் உடுக்க முடியாது. அதற்கு உம்மாவைக் கூப்பிட்டார். கூப்பிட்டு உதவி கேட்க அவருக்கு இப்போது தயக்கம் இருக்கவில்லை. தொழுகை முடிந்து பள்ளியால் வந்த வாப்பா முன்னறையில் ஸலாம் சொன்னார். மூத்தம்மா பதில் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "மருமகன், கதவு தூக்கு மாறாம நிக்குது" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ் மாமி" என்றார் வாப்பா. அவ்வளவுதான் பேச்சு. வாப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். பெரிய கல்யாண ஓடர் ஒன்றைத் தைத்து முடித்த நாள்களில்கூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை.

பெற்றோரே, தோழியரே, எமது வீடுகளில் நோயுற்றோரும் வயோதிபரும் இருக்கிறார்கள். அவர்களை நாம் நன்றாகத்தான் பார்க்கிறோம். மார்க்கமும் அதைத்தான் எமக்குக் கற்பிக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் நாமே எடுத்துக் கொடுப்பதுதான் பணிவிடை என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் ஒரு கணக்கெடுத்துப் பாருங்கள். உங்கள் மூத்தம்மா எவரிடமும் கேட்காமல் தன் கையால் எடுக்கக்கூடிய பொருள்கள் எத்தனை? தண்ணீர்க் கோப்பை எந்த உயரத்தில் இருக்கிறது? மின்விளக்கின் சுவிட்ச் கட்டிலில் இருந்து எட்டுகிறதா? செருப்பு எங்கே கிடக்கிறது? தஸ்பீஹ் எந்த ஆணியில் தொங்குகிறது?

எங்கள் வீட்டில் அந்தக் கணக்கை நான் கொப்பியில் எழுதி வருகிறேன். கதவு வருவதற்கு முன் ஆறு பொருள் இருந்தன. இப்போது பத்தொன்பது. இருபதாவதாக யன்னல் கொளுக்கியை ஒன்றரை அடி கீழே இறக்க வேண்டும். அதற்கும் ஓடாவி ஐயா வருவதாகச் சொல்லியிருக்கிறார். மட்டம் சரியா என்று பார்க்க அவர் யாரைக் கேட்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.